ஏழாம் வார்டின் பட்டியல் தயார்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் காலிங்பெல். வைத்தவர் மூன்றாம் வார்டு எழுத்தர், வாய்க்கொழுப்புக்குப் பஞ்சமில்லாத மனிதர். ஆனாலும் பெயரில் குறை சொல்ல முடியாது. ஏழாம் வார்டில் ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு வாசல்கள். அத்தனை மணியிலும் அவள் விரல் பட்டிருக்கிறது. எந்த வீட்டில் மணி வேலை செய்யாது, எந்த வீட்டில் அடித்தால் நாய் முதலில் வரும், எந்த வீட்டில் மூன்று தடவை அடித்தால்தான் பெரியவருக்குக் காது கேட்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வேலை, வாக்காளர் பட்டியல் எழுத்தர். இருபத்திரண்டு வருடத்தில் ஏழு நாடாளுமன்றத் தேர்தல் பார்த்துவிட்டாள். அந்த நாட்டில் மூன்று வருடத்துக்கு ஒரு தேர்தல், சட்டம் அப்படி. "மூச்சு விடறதுக்குள்ள அடுத்தது வந்துடுது" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கவனித்துப் பார்த்தால், அதிகமாக அலுத்துக்கொள்கிறவர்கள் பதவியில் உட்கார்ந்திருப்பவர்களாகத்தான் இருப்பார்கள்.

அவளுக்கு அலுப்பு என்பதே கிடையாது. மற்ற எழுத்தர்கள் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னால் தலைதெறிக்க ஓடுவார்கள். அவள் ஓடியதே இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அலுவலகம் முடிந்ததும் வீட்டுக்குப் போகிற வழியில் பத்து வாசல். நாள் தவறாமல் பத்து. யார் வந்தார்கள், யார் குடி மாறினார்கள், யாருக்குப் பதினெட்டு முடிந்தது, யாருக்குக் கல்யாணம் ஆகிப் பெயர் வேறு வாசலுக்குப் போனது, யார் இறந்தார்கள். சேர்ப்பதற்குப் பச்சைப் பேனா, எடுப்பதற்குச் சிவப்புப் பேனா, கோடு போட ஒரு அடிக்கோல். வருடத்துக்கு இரண்டு முறை வார்டையே சுற்றி முடித்துவிடுவாள்.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். "நான் நின்னா ஜனங்க ஓடி வந்து ஏறுறாங்க. நீ நின்னா ஜனங்க ஓடி ஒளியுறாங்க" என்பார். ஒளிகிறவர்களையும் அவள் விட்டதில்லை. ஜன்னல் பக்கம் போய், "அண்ணே, நான் எதையும் விக்க வரல. உங்களை எழுதிக்கத்தான் வந்தேன்" என்பாள். அந்த வார்த்தைக்குக் கதவு திறந்துவிடும்.

இப்படிப்பட்டவள்தான் போன தேர்தலில் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டாள்.

கடைத்தெருவில் நாற்பத்தோராம் எண் மாடியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் காலமானார். நாற்பத்திரண்டு, கீழே இருக்கும் சலூன். பட்டியலில் இரண்டு பெயரும் அடுத்தடுத்த வரி. அவள் அடிக்கோலை வைத்தபோது அது ஒரு வரி கீழே நழுவியிருந்தது. சிவப்புக் கோடு நேராக, அழகாக, உயிரோடிருந்த சலூன்காரர் பெயர்மேல் விழுந்தது. அதோடு விட்டாளா? பழக்கப்படி சரிபார்க்கவும் செய்தாள். அந்தப் பக்கத்தில் எத்தனை சாவு? ஒன்று. எத்தனை சிவப்புக் கோடு? ஒன்று. கணக்குச் சரியாக இருந்ததால் திருப்தியாகப் பக்கத்தைத் திருப்பினாள்.

தேர்தல் அன்று காலையில் வாக்குச்சாவடியில் பட்டியலை விரித்து உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். சலூன்காரர் சலவைச் சட்டையோடு வந்து நின்றார். தபால்காரர் பட்டியலில் உயிரோடு இருந்தார். எதிரில் நின்றவர் இல்லை. முத்திரை வைத்த பட்டியலில் அன்றைக்கு யாரும் கை வைக்க முடியாது, நாட்டின் தலைவரே வந்தாலும் முடியாது.

விஷயம் புரிந்ததும் சலூன்காரர் சத்தம் போடவில்லை. "அக்கா, நான் செத்துட்டேன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காலையில கடையைத் திறந்திருக்க மாட்டேனே" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் அழுதாள். அத்தனை பேர் முன்னால், பச்சைப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அட, அழாதீங்க. எனக்கு எப்ப உயிர் வரும், அதைச் சொல்லுங்க."

"அடுத்த தேர்தல்ல அண்ணே. மூணே வருஷம். நான் பொறுப்பு."

"மூணு வருஷம்தானே? இருந்துட்டுப் போறேன்."

சலூனில் வரிசை எண் எழுத ஒரு கரும்பலகை உண்டு. மறுநாள் அதன் மேல் ஓரத்தில், 'உரிமையாளருக்கு உயிர் வர இன்னும் மூன்று வருடம்' என்று எழுதி வைத்தார். மாதா மாதம் அதைத் திருத்தினார். இரண்டு வருடம் பதினோரு மாதம், இரண்டு வருடம் பத்து மாதம். "செத்தவர் கையில தலையைக் குடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஆட்கள் முடி வெட்டப் போனார்கள். அவள் அந்த வாரமே பட்டியலைத் திருத்திவிட்டாள். ஆனாலும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்குப் போக வேண்டும். தலை குனிந்துதான் போனாள்.

அந்தத் தேர்தலில் வந்த அரசாங்கம் முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் வருடம் தங்களைத் திட்டி எழுதிய ஒரு செய்தித்தாளை இழுத்து மூடினார்கள். அப்புறம், ஐந்து பேருக்கு மேல் கூடி அரசியல் பேசுவதானால் அனுமதிச்சீட்டு வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார்கள். சலூனில் ஆறு நாற்காலி இருந்தது. அவர் ஒன்றைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார். வார்டில் யாரும் கல்லெடுக்கவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. வாசலுக்கு வாசல் அவள் காதில் விழுந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் ஒரு வருஷம்தானே, பாத்துக்கலாம்." அதைச் சொல்லும்போது யார் முகத்திலும் பயமில்லை என்பதையும் அவள் பார்த்தாள்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எழுத்தர்கள் அலுவலக நேரத்தில் வீடு வீடாகப் போக வேண்டாம், கோப்பு வேலை நிறைய இருக்கிறது என்றது. மற்ற எட்டு எழுத்தர்களும் 'விட்டது சனி' என்று நாற்காலியில் சாய்ந்தார்கள். அவள் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தாள். அலுவலக நேரம் என்றுதான் போட்டிருந்தது. அவளுடைய பத்து வாசல் ஐந்து மணிக்கு மேல்தானே? நடையை நிறுத்தவில்லை.

அந்தச் சுற்றறிக்கை எதற்கு வந்தது என்பது தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது தெரிந்தது. தேர்தல் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. நாட்டில் உள்ள பட்டியல் அலுவலகங்களில் பாதிக்கு மேல், 'பட்டியல் முழுமை பெறவில்லை' என்று எழுதிக் கொடுத்தால், நாடாளுமன்றம் தன் ஆயுளை இரண்டு வருடம் நீட்டித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு படிவம். அதில் அந்த அலுவலகத்தின் எல்லா எழுத்தர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் செல்லாது.

பதிவு அதிகாரி அவளை அறைக்குக் கூப்பிட்டார். "உட்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா?" என்றார். அவர் டீ சொல்கிறார் என்றாலே விஷயம் வில்லங்கம் என்று அலுவலகத்துக்கே தெரியும்.

படிவம் மேசைமேல் இருந்தது. எட்டுக் கையெழுத்து விழுந்திருந்தது. ஏழாம் வார்டுக்கு நேரே மட்டும் வெள்ளையாக இருந்தது.

"சார், என் லிஸ்ட் தயாரா இருக்கே."

"எப்படிம்மா இருக்கும்? வீடு வீடாப் போகக் கூடாதுன்னு ஆர்டர் வந்து ஒரு வருஷம் ஆகப் போகுது."

"ஆபீஸ் நேரத்துல போகக் கூடாதுன்னுதான் சார் வந்துச்சு. நான் அஞ்சு மணிக்கு மேலதான் போனேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. மேலிடத்திலிருந்து ஃபோன் வந்தால் எழுந்து நின்று பேசுகிற ரகம், அவ்வளவுதான். "ரெண்டே ரெண்டு வருஷம் தள்ளிப் போகுது. அதுக்குள்ள எல்லா வார்டும் நிதானமாத் தயார் பண்ணிடலாம். நல்லதுதானே?" என்றார். அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க லிஸ்ட்ல தப்பே கிடையாதா? போன தடவை ஒரு ஆளையே கொன்னீங்களே?"

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று வருடமாக அவள் தலை குனிந்து நடந்ததை எடுத்து அவளுக்கு எதிராகவே நீட்டுகிறார். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மைதான்.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. இல்லைன்னா, என் கையில எதுவும் இல்லைம்மா. மாத்தல் வரும். எங்கே போடுவாங்கன்னு எனக்கே தெரியாது."

அன்றைக்கும் பத்து வாசல் முடித்துக்கொண்டு சலூன் பக்கம் வந்தாள். கடையில் ஆள் இல்லை. சலூன்காரர் கத்தரிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உள்ளே போய், காத்திருப்பவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்காக வம்புல மாட்டிக்காதீங்க அக்கா. இன்னும் ரெண்டு வருஷம் செத்துக் கிடக்கணும், அவ்வளவுதானே? பழகிடுச்சு."

"பழகிடுச்சுன்னு சொல்லாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். "அதைத்தான் அவங்க எதிர்பார்க்கறாங்க. இன்னிக்கு ரெண்டு வருஷம் பழகும். அப்புறம் இன்னொரு ரெண்டு. அப்புறம் அந்த ஆறாவது நாற்காலியை நீங்க வெளியே எடுக்கவே மாட்டீங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, தான் முடிவு எடுத்தாகிவிட்டது என்று. வீட்டில் கணவரிடம் மாற்றல் விஷயத்தைச் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "எங்கே தூக்கிப் போட்டாலும் பஸ் போகுமில்ல?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இந்த மனிதரையா இத்தனை வருடம் வாயாடி என்று நினைத்தோம் என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரியின் மேசையில் தன் பட்டியலை வைத்தாள். படிவத்தைத் தொடவில்லை. ஒரு வெள்ளைத் தாளில், 'ஏழாம் வார்டின் பட்டியல் தயார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அதன்மேல் வைத்தாள்.

"நேத்து கேட்டீங்களே சார், தப்பே கிடையாதான்னு. உண்டு. நான் ஒருத்தரைக் கொன்னேன். மூணு வருஷத்துல உயிர் தர்றேன்னு சொல்லியிருக்கேன். அந்த வார்த்தையை நம்பித்தான் அவர் சிரிச்சுட்டே கடை நடத்தறாரு. தப்பே இல்லாத லிஸ்ட் வந்தப்புறம்தான் தேர்தல்னா, தேர்தலே வராது சார். நானும் தப்புப் பண்ணுவேன். ஜனங்களும் தப்பான ஆளை அனுப்பிடுவாங்க. மூணு வருஷத்துல திருத்திக்கலாம்னு இருக்கறதாலதான் எல்லாரும் நிம்மதியாத் தூங்கறாங்க. அதுல நான் கை வைக்க மாட்டேன்."

அறைக் கதவு திறந்தே இருந்தது. வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது.

அதிகாரிக்குக் கோபம் வந்தது. "தயார்னு எழுதிட்டா ஆச்சா? வாங்க, நானே பார்க்கறேன். பத்து வாசல், நான் சொல்ற வாசல்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டார். மூன்றாம் வார்டு எழுத்தர், சாட்சிக்கு என்று சொல்லிக்கொண்டு, தானாகவே கிளம்பி வந்தார்.

அதிகாரி கண்ணை மூடிப் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். அந்த வாசலுக்குப் போனார்கள். பட்டியலில் நான்கு பெயர். வீட்டில் நான்கு பேர். அடுத்ததில் பதினெட்டு முடிந்து பதினோரு நாளே ஆன பெண்ணின் பெயர் பச்சையில் ஏறியிருந்தது. இன்னொன்றில் மனிதர்கள் பட்டியலில் இருந்தபடியே சரியாக இருந்தார்கள், நாய்தான் புதிது. இப்படியே எட்டு வாசல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. அவள் சாதாரணமாக நடந்தாள்.

ஒன்பதாவது, ஒரு மாடி அறை. பட்டியலில் ஒரு வாடகைக்காரர் பெயர். கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர். "அவரு நேத்துச் சாயங்காலம் வேற ஊருக்குக் காலி பண்ணிட்டுப் போயிட்டாரே" என்றார்.

அதிகாரி முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? இருக்கு பாருங்க தப்பு!"

அவள் பையைத் திறந்தாள். சிவப்புப் பேனாவையும் அடிக்கோலையும் எடுத்தாள். மாடிப்படியிலேயே உட்கார்ந்து, பட்டியலை மடியில் விரித்து, இடது கை விரலை வாசல் எண்ணின்மேல் வைத்துக்கொண்டு பெயரை உரக்கப் படித்தாள். "இவர்தானே?" என்று வீட்டுக்காரரைக் கேட்டாள். அவர் தலையாட்டிய பிறகு கோடு போட்டாள். தேதி எழுதினாள்.

"இப்பத் தயார் சார். பத்தாவது வாசல் எது?"

மூன்றாம் வார்டு எழுத்தர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அதிகாரி பத்தாவது வாசலைச் சொல்லாமலே அலுவலகத்துக்குத் திரும்பினார். படியேறும்போது, யாரைப் பார்த்தும் இல்லாமல், "நான் சேர்ந்த புதுசுல இப்படித்தான் சுத்துவேன்" என்றார்.

படிவம் அன்று மாலை மேலிடத்துக்குப் போகும்போது ஏழாம் வார்டு வெள்ளையாகவே இருந்தது. போவதற்கு முன்னால் மூன்றாம் வார்டு எழுத்தர், "சார், ஒரு நிமிஷம், எழுத்துப் பிழை ஏதாவது இருக்கான்னு பாத்துட்டுத் தரேன்" என்று அதை வாங்கித் தன் கையெழுத்தை அடித்துவிட்டுக் கொடுத்தார். மனிதர் அடுத்த மூன்று மாதம் தன் வார்டுப் பட்டியலைத் தயார் செய்ய வாசல் வாசலாக அலைந்த அலைச்சலில் ஏழு கிலோ இளைத்துப் போனார்.

பத்து நாள் கழித்து வானொலியில் செய்தி வந்தது. செல்லுபடியான படிவங்கள் பாதியைத் தாண்டவில்லை. தேர்தல் குறித்த தேதியில் நடக்கும். அவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. தான் ஒருத்தி போடாததால் ஒரு படிவம் செல்லாமல் போகும் என்பது அவளுக்குத் தெரியும். மற்ற ஊர்களில் யார் போடாமல் இருந்தார்கள்? அவளுக்குத் தெரியாத எத்தனையோ மேசைகளில், அவளுக்குத் தெரியாத யாரோ, டீயைக் குடித்துவிட்டுப் படிவத்தைத் திருப்பித் தள்ளியிருக்கிறார்கள். அதை நினைத்தபோது அவளுக்குத் தன்னை நினைத்து வந்த பெருமையைவிட அதிகமாகப் பெருமை வந்தது. கணவர் வானொலியை அணைக்கப் போனார். அணைக்க வேண்டாம் என்று சைகை காட்டினாள்.

அடுத்த வாரமே அந்தத் தொகுதியின் ஆளுங்கட்சி எம்.பி. வாசல் வாசலாக வந்தார். மூன்று வருடத்தில் அந்தத் தெருக்களை அவர் காரிலிருந்து பார்த்ததோடு சரி. இப்போது இறங்கி நடந்தார். சலூனுக்குள்ளும் போனார். உட்காரச் சொன்னார்கள். கூட்டச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். பதில் சொல்ல முடியாமல் நெளிந்தார். ஆனால் பதில் சொல்ல முயன்றார். சலூன்காரர் சொன்ன தகவல் இது.

தேர்தல் அன்று சலூன்காரர் அதே சலவைச் சட்டையில் வந்தார். அவள் வாசல் எண்ணின்மேல் விரலை வைத்து அவர் பெயரைப் படித்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே படித்தாள். அவர் உள்ளே போய்விட்டு வந்து, மேசைக்குப் பக்கத்தில் குனிந்து, "அக்கா, ஒரு விஷயம். போன தடவை நீங்க என்னைக் கொல்லாம இருந்திருந்தா, நான் இந்த எம்.பி.க்குத்தான் போட்டிருப்பேன்" என்றார்.

"இந்தத் தடவை?"

"அதெல்லாம் உங்ககிட்டச் சொல்லுவேனா?"

எம்.பி. தோற்றார். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் தோற்றார். ஒரு கல் பறக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற வாடகைக்காரர் போலத்தான் போனார். அவர் கட்சியின் ஆட்சியும் போயிற்று. கூட்டச் சட்டத்தைப் புது அரசாங்கம் இரண்டு மாதத்தில் எடுத்துவிட்டது.

ஆனால் அவள் மாற்றல் உத்தரவு அதற்கு முன்பே தயாராகி, புது அரசாங்கம் வந்து உட்காருவதற்குள் கைக்கு வந்துவிட்டது. நகரத்தின் மறுகோடியில் முப்பத்தொன்றாம் வார்டு. பதினான்கு மாடிக் கட்டடங்கள், நாலாயிரத்துச் சொச்சம் வாசல்கள், ஒருவரையொருவர் தெரியாத ஜனங்கள். நாட்டிலேயே மோசமான பட்டியல் என்று பெயரெடுத்த வார்டு. அதைத் தண்டனை என்று நினைத்துத்தான் போட்டார்கள். மேல்முறையீடு செய், ரத்து செய்துவிடுவார்கள் என்று மூன்றாம் வார்டு எழுத்தர் கூடச் சொன்னார். அவள் அந்த வார்டின் பட்டியலை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். முதல் பக்கத்திலேயே ஒரே ஆள் மூன்று வாசலில் இருந்தார். மேல்முறையீட்டுப் பேச்சை அதோடு விட்டுவிட்டாள்.

முதல் நாள் ஐந்து மணிக்கு, முதல் கட்டடத்தின் பதினான்காம் மாடியில், முதல் மணியை அடித்தாள். நேரமாகித்தான் கதவு திறந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

"வாக்காளர் பட்டியல்ல இருந்து வரேன்மா. இந்த வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?"

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தேர்தல்தான் போன மாசமே முடிஞ்சுடுச்சே?"

"ஆமாம்மா" என்று அவள் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தாள். "அடுத்ததுக்கு வந்திருக்கேன்."